ஆணை கையிலிருக்கு, ஆளைக் காணோம்

கெமாஸில் ஒருவன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டான் என்றால், சொந்தபந்தம் முதலில் கேட்பது "எந்தப் பக்கம் போனான்?" என்றுதான். ஊரின் அமைப்பு அப்படி. கோலாலம்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் மேற்குக்கரைத் தண்டவாளத்திலிருந்து, காட்டுக்குள் புகுந்து கிளந்தானின் தும்பாட்வரை போகும் கிழக்குக்கரைத் தண்டவாளம் பிரிகிற இடம் இது. வடக்கே போனவனுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தொழிற்சாலைகள். தெற்கே போனவனுக்கு ஜொகூர் பாரு, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். கிழக்கே போனவனைப் பற்றி அதிகம் பேச்சு வராது. பகாங்கில் ஏதோ ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறான் என்று தீபாவளிக்கு வந்த யாராவது சொன்னால் உண்டு.

ஊரை ஒட்டி ஒரு மாநில எல்லையும் ஓடுகிறது. கெமாஸ், நெகிரி செம்பிலானின் தம்பின் மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் கெமாஸ் பாரு, ஜொகூரின் சிகாமட் மாவட்டம். மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு வரவேற்புப் பலகை மாறுவதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் செலவுக்காக நீதிமன்றத்தில் ஆணை வாங்கிய பெண்ணுக்கு அந்தப் பலகை பெரிய சந்தேகத்தைக் கிளப்பும். "அவரு ஜொகூருக்குப் போயிட்டாரு. நம்ம மக்கமா ஆர்டர் அங்க செல்லுமா?"

செல்லும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இந்த நாட்டில் மாநில எல்லை ஒரு தடையே இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை திருமணம், மணவிலக்கு, பராமரிப்பு ஆகியவற்றைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பெர்லிஸ் தொடங்கி ஜொகூர்வரை மலாயா உயர் நீதிமன்றம் ஒன்றுதான். சிரம்பானில் பிறந்த ஆணைக்கு மூவாரிலும் அதே மதிப்பு. சபா, சரவாக்குக்குத் தனி உயர் நீதிமன்றம் இருந்தாலும், 1964-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டம் ஒன்றின் ஆணை மற்றதன் எல்லையிலும் செல்லும்படி வழிசெய்திருக்கிறது.

எல்லை தடையில்லை என்றால் பணம் ஏன் வருவதில்லை? மாநிலம் தாண்டிய பராமரிப்பு வழக்குகளின் முழுக் கதையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இதே கேள்வியில் அதிகம் அடிபட்ட நாடு அமெரிக்கா. அங்கே ஐம்பது மாநிலமும் குடும்பச் சட்டத்தில் ஐம்பது நாடு மாதிரி. நியூயார்க்கில் இருந்த ஒரு தந்தை, கலிஃபோர்னியாவில் தாயோடு வாழப் போன மகளுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அதை வைத்தே அவர் மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட முடியுமா என்பது உச்ச நீதிமன்றம்வரை போனது. முடியாது என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. தந்தை எங்கே இருக்கிறாரோ அங்கே தாய்தான் தேடிப் போக வேண்டும். ஒரே பிள்ளைக்கு ஒரு மாநிலம் 200 டாலர் என்றும் இன்னொரு மாநிலம் 120 டாலர் என்றும் ஆணை போட்டால், அதில் எது செல்லும் என்பதற்கே தனி வழக்கு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1992-இல் ஒரு பொது மாதிரிச் சட்டம் எழுதினார்கள். கூட்டரசு நிதி வேண்டுமானால் எல்லா மாநிலமும் இதை ஏற்க வேண்டும் என்று 1996-இல் நாடாளுமன்றம் நெருக்கியது. ஒரு நேரத்தில் ஒரே ஆணை என்பது அதன் அடிப்படை. அதைவிட முக்கியமான விதி இன்னொன்று இருக்கிறது: ஒரு மாநிலத்தின் ஆணையை இன்னொரு மாநிலத்து முதலாளிக்கு நேரே அனுப்பலாம், அவர் சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டும், நடுவில் அந்த மாநில நீதிமன்றத்துக்குப் போகவே வேண்டாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டும் கிடைக்காது.

எல்லை நம்மைவிட அவர்களுக்குப் பல மடங்கு பெரிது. ஆனாலும் வசூலில் அவர்கள் முன்னே போய்விட்டார்கள். ஆணை போடுவதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. வசூலிப்பதற்கென்று 1975-லிருந்தே ஓர் அரசு அமைப்பைக் கட்டிவந்தார்கள். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாத தாய்க்கு நீதிமன்றம் ஆணையைக் கொடுக்கிறது. வசூலை அவள் கையிலேயே விடுகிறது.

*

அவள் கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

பிள்ளைச் செலவுக்குச் சட்டத்தில் இரண்டு வாசல். ஒன்று 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பது. பிள்ளை யார் பொறுப்பில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 92-ஆம் பிரிவு. இந்த வழிக்கு சிரம்பான் உயர் நீதிமன்றம் போக வேண்டும், பெரும்பாலும் மணவிலக்கு வழக்கோடு சேர்த்து. இரண்டாவது, 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், குழந்தைகள் பராமரிப்புச் சட்டம். மணவிலக்கு கேட்காமலே கீழ் நீதிமன்றத்தில் மாதத் தொகை கேட்கலாம். கெமாஸ்காரர்களுக்கு இது தம்பினோடு முடிகிற காரியம். தோட்டத்துப் பெண்களுக்குப் பழகிய வாசல் இதுதான், "பிரிஞ்சிருக்கோம், ஆனா இன்னும் வெட்டிக்கல" என்று சொல்கிறவர்களின் வாசல்.

ஆணை வந்தபின் முதல் இரண்டு மாதம் பணம் "பேங்க் இன்" ஆகும். மூன்றாம் மாதம் பாதி வரும். அப்புறம் நின்றுவிடும். இது எந்த ஆய்வின் முடிவும் இல்லை. இந்த வழக்குகளோடு புழங்கியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லுகிற வரிசை.

நின்றுவிட்ட பணத்தை வாங்கச் சட்டம் பல ஆயுதங்களைத் தந்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும்படி உத்தரவு கேட்கலாம். கடனாளி சம்மன் அனுப்பி, நீதிபதி முன்னால் நிறுத்தி வருமானத்தைக் கேட்கலாம். பொருளைப் பறிமுதல் செய்யலாம். உயர் நீதிமன்ற ஆணையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று சிறைக்கு அனுப்பக் கேட்கலாம். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேண்டுமென்றே கட்டாதவனுக்கு, கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை.

எல்லாம் சரிதான். ஆனால் இவற்றில் எதைத் தொடங்குவதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், எந்தப் படிவமானாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும்: எதிர்வாதியின் இப்போதைய முகவரி, வேலை செய்யும் இடம். சம்மனைக் கையில் கொடுத்தால்தான் வழக்கு நகரும். கதவைத் தட்டிய ஆள் "அவர் இங்கே இல்லை" என்று எழுதிக்கொண்டு திரும்பினால், இன்னொரு தேதி.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பிள்ளைக்கு மாதம் 400 வெள்ளி ஆணை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் ஒரு தொழிற்சாலையில், 2025 பிப்ரவரியிலிருந்து நடப்பிலுள்ள குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு வேலை செய்கிறாள். 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். பாக்கியைக் கேட்டு நீதிமன்றத்துக்கு ஐந்து முறை போனால் கூலி மட்டுமே 325 வெள்ளிக்கு மேல் போச்சு. பஸ், சாப்பாடு, சத்தியப்பிரமாணம், சம்மன் கொடுப்பவரின் கூலி எல்லாம் அதற்கு மேல். லாயர் கட்டணத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை; அரசின் சட்ட உதவித் துறையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமோ எடுத்துக்கொண்டால் அது குறையும். ஒரு மாதப் பராமரிப்பை வாங்க அலைந்ததில் இன்னொரு மாதப் பராமரிப்பு அளவுக்குச் செலவு. நாலாவது தடவை போகிறபோது, "விட்டுடும்மா, அந்தக் காசு இல்லாம பிள்ளைங்க வளரலையா?" என்று அவளுடைய அம்மாவே சொல்லுவாள். கட்டாதவன் நம்பியிருப்பது இந்தச் சலிப்பைத்தான்.

அவனுக்கு இன்னொரு துணையும் இருக்கிறது. பராமரிப்புப் பாக்கியைக் கடன்போல வசூலிக்க வழக்குப் போடும்போது, மூன்று ஆண்டுக்கு முந்திய தொகையைக் கேட்க முடியாது என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டமே எல்லை கட்டியிருக்கிறது. பிள்ளைக்கு ஐந்து வயதில் நின்ற பணத்தை, பன்னிரண்டு வயதில் ஆள் அகப்பட்டபோது கேட்டால், முதல் நாலு வருஷம் கரைந்திருக்கும். ஊர் எல்லை எதையும் தாண்டாமலே காலத்தைத் தாண்டித் தப்பிக்கலாம்.

சேமநிதியில் அவன் பெயரில் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். அதில் கை வைக்க முடியாது. 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் அந்தப் பணத்தைக் கடனுக்காகப் பறிமுதல் செய்வதைத் தடுக்கிறது. முதுமைக்கான பணம், தடுப்பது நியாயம்தான். ஆனால் மாதா மாதம் அவன் பெயரில் பணம் கட்டுகிற முதலாளி யார் என்பது சேமநிதி வாரியத்துக்குத் தெரியும். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்க்கேசோவுக்குத் தெரியும். வருமானவரி வாரியத்துக்கும் தெரியும். பிள்ளையின் தாய்க்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து கெமாஸ்காரியைத் தடுத்து நிறுத்துகிற எல்லை இதுதான். ஜொகூரின் வரவேற்புப் பலகை அதன் பக்கத்தில்கூட வராது.

*

சம்பளத்தில் பிடிப்பது ஏதோ வெளிநாட்டு யோசனை என்று நினைக்கிறவர்கள் தோட்டத்தை மறந்துவிட்டார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் கோடு போட்டு, மாதக் கடைசியில் கிராணி மேசையில் சம்பளம் வாங்கிய காலத்தில், முழுச் சம்பளம் வீட்டுக்குப் போன மாதம் அபூர்வம். கடைக் கடன், முன்பணம், சங்கச் சந்தா என்று மேசையிலேயே கழிந்துவிடும். 1960-இல் துன் வி.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கட்டும் என்று மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு கொடுத்தது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கிய சமூகம் இது.

அந்தத் தோட்டத்தில் குடும்பத்தை விட்டுப் போவதும் எளிதில்லை. வேலை, லயன் வீடு, கோயில், கடன் எல்லாம் ஒரே இடத்தில். பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட்டவனை மண்டோரோ சங்கத் தலைவரோ கோயில் கமிட்டியோ கூப்பிட்டுக் கேட்பார்கள். அதை நான் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். "குடிக்காம இருடா, நீயும் கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. ஆனால் ஆள் எங்கே என்ற கேள்வி மட்டும் அன்றைக்கு எழாது. தோட்டம் மாறிப் போனவனைக்கூட, சிகாமட் பக்கம் எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஏறியிருக்கிறது என்று இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயன்கள் காலியாயின. கெமாஸ், கெமஞ்சே, பத்தாங் மலாக்கா பக்கத்துப் பிள்ளைகள் டவுனுக்கும் ஜொகூருக்கும் போனார்கள். இன்றைக்கு லாரி ஓட்டுகிறவர், குத்தகைக்காரனிடம் நாள்கூலிக்குப் போகிறவர், உணவு பட்டுவாடா செய்கிறவர் என்று பலருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்டது. கைத்தொலைபேசிச் செயலி அந்தச் சட்டத்தின் கனவிலும் வந்திருக்காது.

*

தெற்கே போவோம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 192 கிலோமீட்டர் இரட்டை ரயில்பாதை. அதற்கப்பால் ஒரு பாலம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் காலத்தில் யார்தான் போகமாட்டார்கள்? விடிகாலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்று அக்கரை போய் இரவில் திரும்புகிறவர்களில் நெகிரி தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தான். அனுப்பாதவனைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இந்த எல்லை நிஜமான எல்லை. மலேசிய நீதிமன்ற ஆணை தானாகப் பாலம் தாண்டாது. தாண்டவைக்க ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டன் 1920-இல், சாம்ராஜ்யத்தின் ஒரு மூலையில் போடப்பட்ட பராமரிப்பு ஆணையை இன்னொரு மூலையில் செயல்படுத்த ஒரு சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே, 1921-இல், இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அதே அச்சில் சட்டங்கள் வந்தன. மலாயாவில் 1949-இல் வந்தது. இன்றும் 34-ஆம் எண் சட்டமாக இருக்கிறது. சாம்ராஜ்யம் போய்விட்டது. கெமாஸ் தாய்க்குச் சிங்கப்பூர்க் கதவைத் திறக்கும் சாவி இன்னும் அந்தச் சாம்ராஜ்யப் பட்டறையில் செய்ததுதான்.

இரண்டு வழியில் அது வேலை செய்யும். ஏற்கெனவே ஆணை இருந்தால், சான்றளித்த நகல் அமைச்சர் வழியாக அக்கரைக்குப் போகும், அங்கே பதிவாகும், அன்றிலிருந்து அது அந்த நீதிமன்றமே போட்ட ஆணை மாதிரி. இது சுலபமான வழி. ஆணை போடுவதற்கு முன்பே ஆள் போய்விட்டான் என்றால் இரண்டாவது வழி. இங்குள்ள நீதிமன்றம் தாயை மட்டும் விசாரித்து ஒரு தற்காலிக ஆணை போடும். அதற்கு உயிர் கிடையாது. தாயின் வாக்குமூலம், ஆணையின் காரணங்கள், ஆளை அடையாளம் காணவும் இருப்பிடம் கண்டுபிடிக்கவும் உதவும் விவரங்கள் எல்லாம் அங்கே போகும். அங்குள்ள நீதிமன்றம் அவனைக் கூப்பிட்டு, "உன் பக்கம் என்ன?" என்று கேட்கும். அவன், அவள்தான் விட்டுப்போனாள், எனக்கு வேலை இல்லை, பிள்ளை என்னுடையதா என்றே தெரியாது என்று முதல் விசாரணையில் சொல்லியிருக்கக்கூடிய எதையும் அங்கே சொல்லலாம். கூடுதல் சாட்சியம் வேண்டுமென்றால் கட்டு திரும்பி இக்கரைக்கு வரும். மறுபடி தாயின் வாக்குமூலம், மறுபடி பயணம். இரண்டு நீதிமன்றமும் நேர்மையாக நடந்துகொண்டாலே இதற்குள் பிள்ளை ஒரு வகுப்பு ஏறிவிடும்.

இந்த ஏற்பாட்டுக்குள் புதைந்திருக்கும் ஒரு பழைய ஓட்டையையும் சொல்ல வேண்டும். 1920-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் மூலச் சட்டம், பராமரிப்பு ஆணை என்பதற்கு விளக்கம் சொல்லும்போதே, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கான தந்தைமை ஆணையை வெளியே தள்ளியது. அன்றைய இங்கிலாந்தின் ஒழுக்க உணர்ச்சி அது. அதன் நிழல் நம் ஊர்க் கோயில் கல்யாணங்கள்வரை நீள்கிறது. 1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். ஆனால் தோட்டத்து மாரியம்மன் முன்னால் தாலி கட்டி, சாப்பாடு போட்டு, படம் எடுத்து, பதிவுக்குப் போகாமலே விட்டுவிட்ட ஜோடிகள் ஏராளம். "அப்புறம் பண்ணிக்கலாம்னு சொன்னாரு" என்ற வாக்கியத்தின் விலை பின்னால்தான் தெரியும். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவில்லாத உறவில் பிறந்த குழந்தைக்கும் பராமரிப்பு தருகிறது, அது பெரிய ஆறுதல். ஆனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஏற, இருவரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டிருந்தால் அவன்தான் தகப்பன் என்பதிலிருந்தே வழக்குத் தொடங்கும். கல்யாண ஆல்பம் நீதிமன்றத்துக்கு வருவது அப்போதுதான்.

அக்கரையில் இப்போது காற்று மாறியிருக்கிறது. சிங்கப்பூர் 2025 ஜனவரி 16-இல் பராமரிப்பு வசூலுக்குப் புதிய நடைமுறையைத் தொடங்கியது. அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரிகள் வங்கிகளிடமும் அரசு அமைப்புகளிடமும் நேரே தகவல் வாங்கி, கட்ட முடியாதவன் யார், கட்ட மனமில்லாதவன் யார் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். தாய் துப்பறிய வேண்டியதில்லை. நான் மேலே சொன்ன எல்லையை ஓர் அரசு கையெழுத்தில் அழித்திருக்கிறது. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான்; அந்த யோசனை இக்கரைக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ.

*

இதுவரை சொன்னது முஸ்லிம் அல்லாதவர்களைப் பற்றி. முஸ்லிம்களுக்கு மாநில எல்லை சட்டத்திலேயே நிஜம். இஸ்லாமியக் குடும்பச் சட்டம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நெகிரி செம்பிலானுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம், ஜொகூருக்குத் தனிச் சட்டம், தனி ஷரியா நீதிமன்றங்கள். கெமாஸுக்கும் கெமாஸ் பாருவுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டை நீதி உண்மையில் கவனிப்பது இங்கேதான். வேடிக்கை என்னவென்றால், கோடு இருக்கும் இடத்தில்தான் அதைத் தாண்ட அரசு ஆள் போட்டிருக்கிறது. ஷரியா நீதித் துறையின் குடும்ப ஆதரவுப் பிரிவு, நஃப்கா எனும் பராமரிப்பு ஆணை பெற்ற தாய்மாருக்காக வசூலில் இறங்குகிறது. பணம் வரும்வரை கைச்செலவுக்கு முன்பணம் கொடுக்க நிதியும் வைத்திருக்கிறது. இதேபோல ஒன்று முஸ்லிம் அல்லாத தாய்மாருக்கும் வேண்டும் என்று பெண் வழக்கறிஞர்களும் மகளிர் அமைப்புகளும் பல ஆண்டாகக் கேட்டுவருகிறார்கள். ஒரே லயனில் வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அரசு துணைக்கு வரும், இன்னொருத்தி தானே சம்மனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இன்னொரு எல்லை இருக்கிறது, அதைச் சிலர் ரயில் டிக்கெட் இல்லாமலே தாண்டினார்கள். 1984-இல் வெளியான ஒரு தீர்ப்பில், ஓர் இந்துப் பெண் கேட்ட பராமரிப்பை, மதம் மாறிவிட்ட முன்னாள் கணவனிடமிருந்து பெற்றுத்தர முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. பத்தாண்டு கழித்து 1994-இல் நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வையைத் திருத்தியது: முஸ்லிம் அல்லாதவர்களாக இருந்தபோது செய்த திருமணத்தின் கடமைகள் மதம் மாறியதால் கழன்றுவிடாது, சிவில் நீதிமன்றமே விசாரிக்கலாம். 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதைச் சட்டத்தில் இன்னும் தெளிவாக்கியது.

ஆனால் தீர்ப்பு ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். சிரம்பானிலேயே, தகப்பன் மதம் மாறிவிட்ட ஒரு தம்பதியின் இரண்டு பிள்ளைகள் யாரிடம் என்பதில் ஷரியா நீதிமன்றம் தகப்பனுக்கும் உயர் நீதிமன்றம் தாய்க்கும் ஆணை கொடுத்தன. 2014-இல் தகப்பன் மகனைத் தூக்கிக்கொண்டு போனபோது, இரண்டு ஆணைக்கு நடுவே மாட்டிக்கொண்டோம் என்று போலீஸ் கையைக் கட்டிக்கொண்டது. 2016 பிப்ரவரி 10-இல் கூட்டரசு நீதிமன்றம் மகளைத் தாயிடமும் மகனைத் தகப்பனிடமும் விட்டது. ஈப்போவின் எம். இந்திரா காந்தி வழக்கு எல்லாருக்கும் தெரிந்தது: மதம் மாறி மகளைத் தூக்கிச் சென்ற முன்னாள் கணவரைப் பிடிக்கும்படி 2016 ஏப்ரல் 29-இல் கூட்டரசு நீதிமன்றமே தேசியப் போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தாய் மகளைப் பார்க்க முடியவில்லை. அவை பிள்ளையின் பொறுப்பு பற்றிய வழக்குகள், பராமரிப்பு வழக்குகள் இல்லை என்பது சரிதான். ஆனால் உச்சபட்ச நீதிமன்றம் பெயர் சொல்லித் தேடச் சொன்ன ஆளே அகப்படாத நாட்டில், 400 வெள்ளிக்காக ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி தன் ஆளைத் தானே தேடிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

*

பிள்ளைக்கு எத்தனை வயதுவரை என்பதிலும் பெரிய சண்டை நடந்தது. பதினெட்டு வயதோடு ஆணை முடியும், உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் நீளும் என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு. படித்து முடிக்காத பிள்ளையும் தன் காலில் நிற்க முடியாத பிள்ளைதானே என்று 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தாராளமாகப் பொருள் சொன்னது. 2004-இல், ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் அதை மறுத்தது. சட்டத்தில் இல்லாததை நீதிபதி எழுதிச் சேர்க்க முடியாது என்றது. எஸ்.பி.எம். முடித்துப் படிவம் ஆறுக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகும் சமயத்தில் தகப்பனின் பணம் சட்டப்படியே நிற்கும் நிலை. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த அதே திருத்தம்தான் உயர்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை என்று வழி திறந்தது. நம் சமூகம் அரசியல் மேடைகளில் அதிகம் பேசாத ஒரு நல்ல மாற்றம் இது.

வெளியே ஒரு பார்வை. தமிழ்நாட்டில் இருக்கும் தாய்க்கு மாநில எல்லை பெரிதாக உறுத்துவதில்லை. அவள் இருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆணையை எதிர்வாதி இருக்கும் எந்த ஊர் மாஜிஸ்திரேட்டும் செயல்படுத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 128 பிரிவுகள் 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144, 147 ஆகிவிட்டன, சாரம் அதேதான். 2020 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் சத்தியப்பிரமாணத்தில் சொல்ல வேண்டும் என்றும், தொகையை மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்றும் வரையறுத்தது. இலங்கை 1956-ஆம் ஆண்டு ஐ.நா. பராமரிப்பு வசூல் உடன்படிக்கையில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நாடு. மலேசியா அதிலும் இல்லை, 2007-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையிலும் இல்லை.

தகப்பன்மார் பக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் இரண்டாவது குடும்பமும் வைத்திருப்பவனிடம் 400 வெள்ளி கேட்டால் அவனால் முடியாத மாதங்கள் இருக்கும். சிறைக்கு அனுப்பினால் வேலையும் போகும், அடுத்த மாதத் தொகையும் போகும். கடலில் தவறி விழுந்த வாளியை எடுக்கக் கயிற்றையும் எறிந்த கதை. வருமானம் குறைந்தவன் ஆணையை மாற்றக் கேட்டு நீதிமன்றம் வர வழி இருக்கிறது. பலரும் வராமல் நம்பரை மாற்றிவிடுகிறார்கள். "பிள்ளையைக் காட்டமாட்டேங்கிறா, நான் ஏன் காசு கட்டணும்?" என்பவர்களும் உண்டு. பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு, பிள்ளை சாப்பிடும் உரிமை வேறு என்று நீதிபதி எத்தனை தடவை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏறுவதில்லை.

அரசுக்கு ஆளைத் தேடத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். வரிப் பாக்கி வைத்தவனை வருமானவரிச் சட்டத்தின் 104-ஆம் பிரிவைக் காட்டி விமான நிலையத்திலேயே நிறுத்துகிறார்கள். திவாலானவன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது. பி.டி.பி.டி.என். கல்விக்கடன் கட்டாத இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளைக்கூட, 2018-இல் ஆட்சி மாறித் தடையை நீக்கும்வரை, எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். மகளின் படிப்புச் செலவைக் கட்டாத தகப்பன் தினமும் விடிகாலை பாலத்தைத் தாண்டிப் போய்வந்தான். அவளுடைய படிப்புக் கடனுக்காக மகளை மட்டும் அதே கவுண்டரில் நிறுத்தியிருக்கலாம்.

தம்பின் நீதிமன்றத்துக்கு வரும் தாய்மார் கையில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், முத்திரை போட்ட ஆணை, வங்கிப் புத்தகத்தின் நகல். பணம் வந்த வரிகளில் மஞ்சள் மார்க்கர். கடைசி மஞ்சளுக்குக் கீழே வெறும் மின்கட்டணமும் சம்பளமும். அதற்குப் பின்னால் சம்பளப் பிடித்தத்துக்கான மனு, பாதி நிரப்பியது. ஐ.சி. எண் இருக்கிறது, தொகை இருக்கிறது, பாக்கி மாதங்களின் எண்ணிக்கை இருக்கிறது. முதலாளியின் பெயர், முகவரி என்ற இடத்தில் பென்சிலால் "ஜொகூர்?" என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கும்.